முதல் பொருத்தம் தண்ணீர்

வீட்டு மீன் தொட்டி பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்குப் பதில் சொல்பவர், மதுரை திருநகரில் வசிக்கும் ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியை. மொட்டை மாடியில் சிமெண்டுத் தொட்டி கட்டி மோலியும் பிளாட்டியும் வளர்த்து, அக்கம்பக்கத்துக் கடைகளுக்குக் கொடுக்கிறார்.

பையன் பிறந்தநாளுக்கு இரண்டடித் தொட்டி வாங்கினோம். கடைக்காரரே கலர் கலராகப் பார்த்து மீன் போட்டுக் கொடுத்தார். கோல்டு 2, ஏஞ்சல் 2, நியான் டெட்ரா 6, டைகர் பார்ப் 4, பைட்டர் 1, கண்ணாடியைச் சுத்தம் பண்ண சக்கர் 1. மூன்று வாரத்தில் கோல்டில் ஒன்றும் பைட்டரும் செத்துப்போய்விட்டன. ஏஞ்சலுக்கு வால் கிழிந்து தொங்குகிறது. நியான் ஆறில் இரண்டுதான் மிச்சம். மற்ற நாலும் செத்து மிதக்கவும் இல்லை, எங்கே போயின என்றே தெரியவில்லை. பையன் தினமும் காலையில் எண்ணிப் பார்த்து அழுகிறான். எங்கள் கைராசி சரியில்லையா டீச்சர்?
*– இல்லத்தரசி, வில்லாபுரம்*

கைராசியை விடுங்கள் அம்மா. இரண்டு பேரைச் சேர்த்து வைக்கப் பத்துப் பொருத்தம் பார்க்கிற ஊர் இது. இங்கே பதினாறு மீனை ஒரு பொருத்தமும் பார்க்காமல் ஐம்பது லிட்டர் தண்ணீரில் தள்ளிவிட்டிருக்கிறார்கள்.

காணாமல் போன நாலு நியானும் ஏஞ்சலின் வயிற்றில் இருக்கின்றன. ஏஞ்சல் அசைந்து அசைந்து நீந்துவதைப் பார்த்தால் பரம சாது என்றுதான் தோன்றும். ஆனால் அது சிக்லிட் குடும்பம். அமேசான் ஆற்றுப் பக்கம் சிறு மீனையும் பூச்சியையும் தின்று பிழைக்கிற ஜாதி. ராத்திரி விளக்கை அணைத்ததும் நியான்கள் நிறம் மங்கி அப்படியே நின்றுவிடும். அந்த நேரத்தில் ஏஞ்சல் பக்கத்தில் வந்து ஒரே உறிஞ்சல்தான். குட்டி ஏஞ்சலோடு நியான் சில மாதம் ஒற்றுமையாக இருப்பதுண்டு. அதைப் பார்த்துத்தான் கடைக்காரர்கள் "ஒண்ணும் செய்யாதுங்க" என்கிறார்கள். ஏஞ்சல் கொஞ்சம் வளர்ந்து வாய் விரிந்ததும் கதை மாறிவிடும். வாய்க்குள் நுழைகிற எதையும் மீன் இரையாகத்தான் பார்க்கும். இந்த ஒரு விஷயத்தில் எந்த மீனுக்கும் நற்சான்றிதழ் கொடுக்காதீர்கள்.

நியானைத் தின்ற ஏஞ்சலை, டைகர் பார்ப் தின்கிறது. முழுதாக இல்லை, நூல் நூலாக. தொட்டி முன்னால் ஒரு பத்து நிமிஷம் சும்மா உட்கார்ந்து பாருங்கள். ஒரு பார்ப் பின்பக்கமாக வரும், ஏஞ்சலின் தொங்குகிற துடுப்பு நுனியில் ஒரு வெட்டு வெட்டிவிட்டு ஒன்றும் தெரியாத மாதிரி செடிப் பக்கம் போய்விடும். ஏஞ்சல் திரும்புவதற்குள் ஆள் அங்கே இருக்காது. கடிபட்ட வாலில் ஓரம் கத்தரித்த மாதிரி இருக்கும். சீக்கு வந்த வாலில் ஓரம் வெளுத்துப் பஞ்சு படிந்து கரையும். உங்களுடையது முதல் வகையாக இருந்தால் மருந்து வாங்கிக் காசைக் கரியாக்காதீர்கள். கடிக்கிறவரைப் பிரித்தாலே வால் வளர்ந்துவிடும். டைகர் பார்ப் எட்டு பத்தாக இருந்தால் தங்களுக்குள்ளேயே துரத்திச் சண்டை போட்டுப் பொழுதைப் போக்கும். நாலே நாலு என்றால் வேலை இல்லாமல் அடுத்தவர் வாலுக்கு வரும். பைட்டர் செத்ததற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். அவ்வளவு நீள வாலோடு அது எங்கே ஓடித் தப்பிக்கும்?

கோல்டு மீன் கெண்டைக் குடும்பம். குளிர்ந்த தண்ணீர் கேட்கும், அரை அடிக்கு மேல் வளரும், நிறையத் தின்று நிறையக் கழியும். அதை மற்ற மீன்களோடு சேர்ப்பதற்கே நான் எதிரி. மிச்சமிருக்கிற கோல்டின் விலாப் பக்கத்தைப் பாருங்கள். செதிலில் பளபளப்புப் போன திட்டு ஏதாவது தெரிந்தால் அது சக்கர் ராத்திரியில் ஒட்டிக்கொண்டு மேல் வழுவழுப்பைச் சுரண்டிய இடம். சக்கர் கண்ணாடியைச் சுத்தம் செய்வது குட்டிப் பருவத்தில் மட்டும். வளர வளரச் சோம்பேறியாகி, மெதுவாகப் போகிற மீன் மேல் ஏறிக்கொள்ளும். ஒன்றரை அடி வரை வளருகிற மீனை இரண்டடித் தொட்டிக்கு விற்கிறார்கள், என்னத்தைச் சொல்ல.

இவ்வளவுக்கும் மேல், தொட்டி புதுசு. மீன் கழிவிலிருந்து அம்மோனியா வரும். அதைத் தின்று தீர்க்கிற நுண்ணுயிர் பில்டர் பஞ்சில் குடியேற நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். அதற்குள் பதினாறு மீனை விட்டால் விஷத்தில் விட்ட மாதிரிதான். நம் ஊர் போர் தண்ணீர் காரத் தண்ணீர். அதில் அதே அளவு அம்மோனியா இன்னும் கடுமையாக வேலை செய்யும்.

இனி செய்ய வேண்டியது. ஏஞ்சல், கோல்டு, சக்கர், மிச்ச நியான் எல்லாவற்றையும் கடைக்குத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். காசு தரமாட்டார்கள், பழகின கடை என்றால் மீனையாவது வாங்கிக்கொள்வார்கள். டைகர் பார்ப் நாலை மட்டும் வைத்துக்கொண்டு, ஒரு மாதம் கழித்து இன்னும் நாலு வாங்கிப் போடுங்கள். எட்டும் பார்ப், வேறு யாரும் வேண்டாம். ஓடிப் பிடித்து விளையாடுவதைப் பார்க்க உங்கள் பையன் வயசுக்கு அதைவிட நல்ல தொட்டி கிடையாது. காலையில் எண்ணினாலும் கணக்குச் சரியாக இருக்கும்.

எங்கள் வீட்டுப் போர் தண்ணீரில், கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் 1400 காட்டுகிறது. பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. நியான் டெட்ரா மீது ரொம்ப ஆசை. ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றி வளர்க்கலாமா?
*– மளிகைக் கடைக்காரர், திருமங்கலம்*

வளர்க்கலாம், வளர்த்துக்கொண்டே இருக்க முடியுமா என்பதுதான் கேள்வி. நியான் பிறந்தது அமேசான் காட்டு ஓடைகளில். இலைச் சருகு ஊறிய, உப்பே இல்லாத, லேசாகப் புளித்த தண்ணீர். 21-லிருந்து 25 டிகிரி வரைதான் அதற்குச் சுகம். இப்போது கடைக்கு வருபவை பண்ணையில் பிறந்தவை, கொஞ்சம் தாங்கும் என்பது உண்மை. ஆனாலும் உங்கள் 1400-க்கும் அதற்கும் வெகுதூரம். ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் ஊற்றினால் அதில் தாது ஒன்றும் இருக்காது, காரமும் புளிப்பும் நிலையாக நிற்காது. போர் தண்ணீரில் கொஞ்சம் கலந்து அளவு பிடிக்க வேண்டும். வாராவாரம் அதே அளவில் கலக்க வேண்டும். ஒரு வாரம் மிஷின் ரிப்பேர், அடுத்த வாரம் நீங்கள் ஊரில் இல்லை என்றால் கை தவறும். ஒரு குடம் ஆர்.ஓ. எடுக்க இரண்டு மூன்று குடம் கழிவாகப் போகிறது என்பதையும் மே மாதத்தில் யோசித்துப் பாருங்கள்.

அதைவிட, உங்கள் தண்ணீரைக் கொண்டாடுகிற மீனை வாங்குங்களேன். மோலிக்கு உப்பும் சுண்ணாம்பும் இருந்தால்தான் உடம்பு தேறும். முகத்துவாரத் தண்ணீரிலேயே வாழும் மீன் அது. நல்ல தண்ணீரில் விட்டால் ஒரே இடத்தில் நின்று உடம்பை நெளித்துக்கொண்டிருக்கும் மோலி, உப்புத் தண்ணீரில் விட்டால் ஓடித் திரியும். அடுத்தது பிளாட்டி, ஸ்வார்ட்டெயில், குப்பி. நாலும் குட்டி போடுகிற வகை, நாலும் ஒன்றாக இருக்கும். இரண்டடித் தொட்டிக்கு மோலி மூன்று, பிளாட்டி நாலு, குப்பி ஐந்து ஆறு போதும். ஸ்வார்ட்டெயில் வேண்டுமென்றால் மூன்றடித் தொட்டி போடுங்கள், ஆண் ஒன்றுக்கு மேல் வேண்டாம், மூடி கட்டாயம். குதிக்கும்.

ஆண் ஒன்றுக்குப் பெண் இரண்டு மூன்று இருக்க வேண்டும். இல்லையென்றால் ஆண்கள் துரத்தியே பெண்ணைக் கொன்றுவிடும். குட்டியே வேண்டாம் என்று பெண் மட்டும் வாங்கினாலும் ஏமாறுவீர்கள். கடையிலேயே சேர்ந்திருக்கும், ஒரு முறை சேர்ந்தால் விந்தை உடம்பில் வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் குட்டி போட்டுக்கொண்டே போகும். ஆண் மட்டும் வாங்குவது ஒரு வழி. ஆண் குப்பிக்குத்தானே கலரும்!

வாங்கும்போது இன்னொன்று கேளுங்கள்: "இது எங்க பிறந்த குட்டி?" சென்னை கொளத்தூர்ப் பக்கமிருந்து வந்து இறங்கிய மறுநாளே வாங்கினால், உங்கள் தண்ணீருக்கு மாறுவதற்குள் பாதி போய்விடும். உள்ளூரில் பிறந்தது, அல்லது கடைக்கு வந்து இரண்டு வாரம் தாண்டியது என்றால் நல்லது. கவரை அப்படியே தண்ணீரில் மிதக்கவிட்டு, அரை டம்ளர் அரை டம்ளராக உங்கள் தண்ணீரை உள்ளே சேர்த்து, ஒரு மணி நேரம் பொறுமையாகப் பழக்குங்கள். கவர் தண்ணீரைத் தொட்டியில் கொட்டாதீர்கள்.

அயிரை மீனைத் தொட்டியில் வளர்க்க முடியுமா? வீட்டில் சொன்னால் சிரிக்கிறார்கள்.
*– கல்லூரி மாணவி, மேலூர்*

சிரிக்கிறவர்களுக்கு அயிரை என்றால் குழம்புதான் ஞாபகம் வரும். மதுரைக்காரர்களைக் குற்றம் சொல்ல முடியாது. உங்கள் கேள்வி இந்த வாரம் வந்ததிலேயே எனக்குப் பிடித்த கேள்வி. கடையில் தரை மீன் கேட்டால் தென் அமெரிக்காவிலிருந்து வந்த கோரிடோராஸ் காட்டுவார்கள், அது நம் வெயிலுக்கும் தண்ணீருக்கும் முக்கும். அயிரை இந்த மண்ணிலேயே, கண்மாயிலும் வாய்க்கால் மணலிலும் பிறந்து வளர்கிறது. மூன்று அங்குலத்தைத் தாண்டாது. யாரையும் கடிக்காது, யார் வாலையும் பார்க்காது. மற்றவை தின்று சிந்தியதைத் தரையில் பொறுக்கித் தின்னும்.

அதற்கு வேண்டியது மணல். கடையில் விற்கிற நீலக் கல், ரோஸ் கல் எல்லாம் வேண்டாம். ஆற்று மணலைச் சலித்து, தண்ணீர் தெளியும் வரை கழுவி, இரண்டு அங்குலம் பரப்புங்கள். விட்ட உடனே தலைகீழாகக் குத்திக்கொண்டு மணலுக்குள் போய்விடும். கொஞ்ச நேரத்தில் பார்த்தால் இரண்டு கண் மட்டும் மணலுக்கு வெளியே தெரியும். வாயோரத்து மீசையால் மணலைத் தடவித் தடவி, வாய் நிறைய அள்ளி, செவுள் வழியாக மணலைத் துப்பிவிட்டு இரையை மட்டும் விழுங்கும். அந்த வேடிக்கைக்கு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் தரையில் உட்கார்ந்து பார்க்கலாம். ஒன்றிரண்டு வாங்கினால் பயந்து மணலை விட்டே வராது. ஆறு ஏழாவது விடுங்கள்.

திடீரென்று நேர் மேலே பாய்ந்து காற்றைக் கவ்விக்கொண்டு கீழே போகும். பயப்பட வேண்டாம். குடல் வழியாகவும் மூச்சு விடத் தெரிந்த மீன் அது. ஓயாமல் அப்படியே செய்தால் மட்டும் தண்ணீரில் காற்று குறைந்துவிட்டது என்று அர்த்தம்.

மார்க்கெட்டில் உயிரோடு சட்டியில் வைத்து விற்பார்கள். விலை ஆட்டுக்கறியோடு போட்டி போடும், ஆனால் உங்களுக்கு வேண்டியது ஆறு மீன்தானே. சட்டியில் நெருக்கியடித்துக் கிடந்தவை என்பதால் முதல் இரண்டு மூன்று வாரம் தனி வாளியில் காற்று மோட்டார் போட்டு வைத்துப் பாருங்கள். புண், வெள்ளைப் புள்ளி இல்லையென்றால் தொட்டிக்கு மாற்றலாம். வலையால் பிடிக்காதீர்கள். கண்ணுக்குக் கீழே ஒரு சின்ன இரட்டை முள் இருக்கிறது, பயந்தால் அதை நீட்டும், வலையில் சிக்கிக்கொள்ளும். டம்ளரால் மொண்டு எடுங்கள்.

கூட்டாளியாக மோலி, குப்பி, பிளாட்டி, ஜீப்ரா டேனியோ எது வேண்டுமானாலும் இருக்கட்டும். வாளியில் கெளுத்திக் குஞ்சோ விரால் குஞ்சோ கலந்து வந்திருந்தால் மட்டும் பொறுக்கி எடுத்துவிடுங்கள். மீசையைப் பார்த்து அயிரை என்று விட்டுவிட்டால், வளர்ந்ததும் கெளுத்தி ஒவ்வொன்றாக முடித்துவிடும்.

கண்மாயில் சின்ன ஆமை ஒன்று கிடைத்தது. அதை எங்கள் மீன் தொட்டியில் விடலாமா மிஸ்?
*– எட்டாம் வகுப்பு மாணவன், உசிலம்பட்டி*

விடக் கூடாது தம்பி. கண்மாயில் கிடைப்பது பெரும்பாலும் பாலாமை. மீனைத் தின்னும், அது ஒரு பக்கம். 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அது முதல் பட்டியலில் இருக்கிறது. வீட்டில் வைத்திருந்தாலே குற்றம். "ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும்" என்று பாட்டி சொல்லியிருப்பார்கள். இந்த ஆமை புகுந்தால் பின்னாலேயே வனத்துறை ஆளும் புகுவார். எடுத்த அதே கண்மாயில், கரையோரமாக இன்றைக்கே கொண்டுபோய் விட்டுவிடு. அப்பாவையும் கூட்டிக்கொண்டு போ.

மூன்றடி நீளம், ஒரு அடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில் தொட்டி வாங்கியிருக்கிறேன். ஒரு மாதமாக பில்டர் ஓடுகிறது, மீன் இன்னும் விடவில்லை. கார்ப்பரேஷன் தண்ணீர்தான். அமைதியான தொட்டி வேண்டும்; மேலே, நடுவே, கீழே எல்லா இடத்திலும் மீன் தெரிய வேண்டும். எனக்கு வயது அறுபத்தாறு, அடிக்கடி மீனை அள்ளிப் போட மனசு வராது.
*– ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், தெப்பக்குளம் பகுதி*

மீன் விடாமல் ஒரு மாதம் பொறுத்திருக்கிறீர்கள் என்றாலே உங்கள் தொட்டி பிழைத்துக்கொள்ளும் சார். அந்த ஒரு மாதமும் துளி இரையாவது போட்டு வந்திருந்தால் நுண்ணுயிர் பிடித்திருக்கும். வெறும் தண்ணீரைச் சுற்றவிட்டிருந்தால் பிடித்திருக்காது. அதனால் முதலில் நாலைந்து மீனோடு தொடங்குங்கள்.

கார்ப்பரேஷன் தண்ணீர் என்கிறீர்கள். வைகை அணைத் தண்ணீர் போர் தண்ணீரைவிட மென்மை, சரி. அதில் குளோரின் இருக்கும். ஒரு நாள் வாளியில் திறந்து வைத்தாலோ, கடையில் விற்கிற சொட்டு மருந்தை விட்டாலோ போய்விடும். என் கவலை அது இல்லை. கோடையில் குழாயில் தண்ணீர் வருவது நின்று நின்று வரும்போது நீங்கள் தொட்டிக்கு எதை ஊற்றுவீர்கள்? அபார்ட்மெண்ட் போர், இல்லையென்றால் லாரித் தண்ணீர். கார்த்திகையில் மென்மையான தண்ணீரைப் பார்த்து அதற்கேற்ற மீனை வாங்கி, சித்திரையில் உப்புத் தண்ணீரை ஊற்றிக் கொல்கிறவர்கள்தான் நம் ஊரில் அதிகம். வருஷத்திலேயே மோசமான மாதத்தில் உங்கள் வீட்டுக்கு எந்தத் தண்ணீர் வருமோ, அதற்குத் தாங்குகிற மீனை வாங்குங்கள். ஏஞ்சல், நியான், டிஸ்கஸ் இதில் அடிபட்டுப் போகும். போகட்டும்.

உங்கள் தொட்டியில் கல், மணல் போகக் கிட்டத்தட்ட 110 லிட்டர் தண்ணீர் நிற்கும். நடுவில் ஓடுவதற்கு போஸ்மனி ரெயின்போ ஐந்து. நியூ கினியாவில் சுண்ணாம்பு நிறைந்த, வெதுவெதுப்பான ஏரித் தண்ணீரில் பிறந்த மீன்; நம் தண்ணீரையும் வெயிலையும் பார்த்து முகம் சுளிக்காது. வாங்கும்போது சாம்பல் நிறத்தில் அழுது வடியும், கடையில் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். ஏழெட்டு மாதத்தில் முன்பாதி நீலமும் பின்பாதி ஆரஞ்சுமாக நிற்கும்போது பாருங்கள். நாலு அங்குலம் வளர்ந்து பாய்ந்து நீந்துகிற மீன், அதனால் மூன்றடித் தொட்டிக்கு ஐந்தோடு நிறுத்துங்கள். மேலே பேர்ல் குராமி, ஆண் ஒன்று, பெண் இரண்டு. "குராமி" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். ஜெயண்ட் குராமிக் குட்டியைப் பிடித்துக் கொடுத்துவிடுவார்கள், அது இரண்டடி வளரும். ப்ளூ குராமியில் ஆண் முரடு. கிஸ்ஸிங் குராமி ஒரு அடியை எட்டும். உடம்பெல்லாம் முத்துப் புள்ளி, வயிற்றடியில் இரண்டு நீள நூல் இருக்கிற பேர்ல்தான் வேண்டும் என்று கைகாட்டி வாங்குங்கள். தரைக்கு, மேலூர் மாணவிக்குச் சொன்ன அதே அயிரை ஆறு.

முதலில் ரெயின்போ, இரண்டு மூன்று வாரம் கழித்து அயிரை, கடைசியில் குராமி. இடம் பிடிக்கிற குணம் உள்ளதைக் கடைசியாக விடுவது நல்லது. முன்னால் விட்டால் பின்னால் வருகிறவரை வாடகைக்காரராகத்தான் பார்க்கும். குராமி விடும் அன்றைக்கு உள்ளே இருக்கிற கல், கட்டையை இடம் மாற்றி வையுங்கள், எல்லாருக்கும் தொட்டி புதுசாகிவிடும். ரெயின்போ இரையைப் பார்த்தால் பறக்கும், குராமி கூச்ச சுபாவம். ஒரு மூலையில் ரெயின்போவுக்குப் போட்டு அது அங்கே கூடியதும், மறு மூலையில் குராமிக்குப் போடுங்கள். மேலே சில மிதக்கும் செடி இருந்தால் குராமிக்குத் தைரியம் வரும்.

கடையில் பக்கத்துத் தொட்டியில் பளீர் ரோஸ், பச்சை, வயலெட்டில் விடோ டெட்ரா நீந்தும். பல கடைகளில் அது பிறவி நிறம் இல்லை, சாயம் ஏற்றியது. சில மாதத்தில் வெளுக்கும். அதுவும் துடுப்பைக் கடிக்கிற ஜாதிதான், உங்கள் பேர்ல் குராமியின் நூலை மிச்சம் வைக்காது.

தகர ஷெட் போட்ட மாடி அறையில் தொட்டி இருக்கிறது. கோடையில் மதியம் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. ஐஸ் கட்டி போடலாமா?
*– தையல் கடை வைத்திருப்பவர், செல்லூர்*

நேராகப் போடாதீர்கள். தண்ணீர் சட்டென்று குளிர்வது வெயிலைவிடக் கேடு. பாட்டிலில் தண்ணீர் உறைய வைத்து, மூடியோடு மிதக்கவிடலாம், ஒன்று உருகியபின் இன்னொன்று.

வாயைத் திறப்பது சூட்டினால் மட்டும் இல்லை. 20 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும், 32 டிகிரியில் ஏழு சொச்சம்தான். மீனுக்கோ சூட்டில் தேவை கூடுகிறது. தண்ணீர் மட்டத்தை இரண்டு அங்குலம் குறைத்து, பில்டர் தண்ணீர் மேலிருந்து விழுகிற மாதிரி வையுங்கள். டேபிள் பேனைத் தண்ணீர்ப் பரப்பைத் தொடுகிற மாதிரித் திருப்பிவிட்டால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். மூடிக்குப் பதில் வலை போடுங்கள். மதிய இரையை நிறுத்துங்கள். கரண்ட் போகிற பகுதி என்றால் பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று வாங்கி வையுங்கள்.

என்ன மீன் என்று எழுதவில்லை. கோல்டு இருந்தால் கீழ் வீட்டுக்கு இறக்கிவிடுங்கள், தகர ஷெட்டில் அது தாங்காது. குராமி, பைட்டர் இரண்டும் மேலே வந்து காற்றை நேராக எடுக்கத் தெரிந்தவை, அவைதான் அந்த அறைக்கு லாயக்கு. பைட்டர் ஆண் ஒரு தொட்டிக்கு ஒன்றுதான். அதோடு குப்பி வேண்டாம். குப்பியின் கலர் வாலைப் பார்த்தால் இன்னொரு பைட்டர் என்று நினைத்துக் கிழித்துவிடும்.

ப்ளவர்ஹார்ன் தனியாக இருக்கிறது. பாவமாக இருக்கிறது. துணைக்கு என்ன விடலாம்?
*– கே.கே.நகர் வாசகர்*

ஒன்றும் விடாதீர்கள். அது 1990-களில் மலேசியாவில் முரட்டு சிக்லிட்களைக் கலந்து உண்டாக்கிய மீன். தொட்டி முழுக்கத் தன்னுடையது என்று நினைக்கும். பெண் ப்ளவர்ஹார்னையே நடுவில் கண்ணாடி வைத்துத்தான் சேர்க்க வேண்டும். வாஸ்துவுக்கு வாங்கியதென்றால் வாஸ்துவுக்கே இருக்கட்டும்.

இரண்டு இஞ்சில் "பேபி ஷார்க்" என்று நாலு வாங்கினோம். இப்போது ஒவ்வொன்றும் ஒரு அடியைத் தாண்டிவிட்டது. யாராவது தொட்டிப் பக்கம் போனாலே மிரண்டு கண்ணாடியில் முட்டி மூக்கு உடைத்துக்கொள்கின்றன. கூட இருந்த குப்பிகள் எல்லாம் காலி. வைகையில் விட்டுவிடலாம் என்கிறார் வீட்டுக்காரர்.
*– ஆசிரியை, அனுப்பானடி*

அது சுறாவே இல்லை. தாய்லாந்து, வியட்நாம் பக்கத்து மேகாங் ஆற்றுக் கெளுத்தி. நான்கு அடி வரை வளரும். ஓட்டலில் "பாசா" என்று முள்ளில்லாத வெள்ளைத் துண்டு வறுத்துக் கொடுக்கிறார்களே, இதே மீன்தான். ஆற்றில் கூட்டமாகத் திரிகிற மீனை நாலடிக் கண்ணாடிக்குள் வைத்தால் மிரளாமல் என்ன செய்யும்? வீட்டுத் தொட்டிக்கு இது ஒருபோதும் பொருந்தாது. குப்பி என்ன, விரல் நீள மீன் எதுவும் அதற்கு இரைதான்.

வைகையில் மட்டும் விடாதீர்கள். கண்மாய், தெப்பம், கிணறு எதிலும் வேண்டாம். சக்கர் மீனை இப்படித்தான் ஒவ்வொருவராக "பாவம், உயிரோடு போகட்டும்" என்று விட்டார்கள். இன்றைக்குத் தமிழ்நாட்டில் எத்தனையோ நீர்நிலைகளில் வலை போட்டால் அந்த முள் தோல் மீன்தான் வருகிறது. தின்னவும் ஆகாது, வலையையும் கிழிக்கிறது, கரையில் குழி பறிக்கிறது, கெண்டையும் அயிரையும் இருந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. உங்கள் நாலையும் வாங்கிய கடையிலோ, பண்ணைக்குட்டையில் இதே மீனை வளர்க்கிறவர்களிடமோ கொடுங்கள். அவர்கள் சாப்பாட்டுக்கு விற்றுவிடுவார்களே என்று உங்களுக்குத் தோன்றும். விற்கத்தான் செய்வார்கள்.

சுகாதாரத் துறையில் கிணற்றில் விடச் சொல்லிக் கொசு மீன் கொடுத்தார்கள். கொஞ்சம் குப்பித் தொட்டியில் விட்டேன். குப்பிகளின் வால் எல்லாம் பிய்ந்துபோயிருக்கிறது. இரண்டும் ஒரே மாதிரிதானே இருக்கிறது?
*– விவசாயி, வாடிப்பட்டி*

பார்வைக்குப் பெண் குப்பி மாதிரியே இருக்கும், ஆனால் அது கம்பூசியா. கொசுப்புழுவுக்காக 1928-ல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. புழு தின்பதில் கெட்டிக்காரன், கூட்டாளியாக இருக்க லாயக்கில்லை. கூட இருக்கிற மீன்களின் வாலைக் கடிக்கும், குப்பிக் குட்டிகளையும் தின்றுவிடும். உடம்பு முழுக்கச் சாம்பல், வாலில் துளி வண்ணம் கிடையாது, வாய் மேல்நோக்கி இருக்கும். இப்படிப் பார்த்துப் பொறுக்குங்கள். சாயங்காலம் இரை போட்டதும் எல்லாம் மேலே கூடும், அப்போது வலை வீசினால் சுலபம். எடுத்ததைக் கொடுத்தவர்கள் சொன்ன கிணற்றிலேயே விடுங்கள். வாய்க்காலிலும் கண்மாயிலும் வேண்டாம். குப்பிகளுக்கு மருந்து ஒன்றும் போட வேண்டியதில்லை. வாரம் ஒரு முறை கால்பங்கு தண்ணீரை மாற்றிவந்தால் வால் தானாக வளர்ந்துவிடும்.